ஜெல்லி மீனின் பச்சை ஒளி... குடிநீரில் கலந்த பாதரசத்தையும் ஈயத்தையும் காட்டிக்கொடுப்பது எப்படி?

ஒரு டம்ளர் தண்ணீரில் ஈயம் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. நிறம் மாறாது, வாடை வராது, நாக்குக்கும் தெரியாது. லேபுக்கு அனுப்பினால்தான் விடை கிடைக்கும். அந்த விடை கைக்கு வருவதற்குள் அதே தண்ணீரை ஊரே குடித்துக்கொண்டிருக்கும்.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஒரு விசித்திரமான கருவியை உருவாக்கி வருகிறார்கள். அதில் இரும்பும் கிடையாது, கம்பியும் கிடையாது. அது ஒரு புரதம். கடலில் மிதக்கும் ஜெல்லி மீனிடம் இருந்து கிடைத்தது. நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிரும். பாதரசமோ ஈயமோ வந்து ஒட்டினால் அந்த ஒளி மங்கும், கூடும் அல்லது நிறம் மாறும். இதற்குப் பெயர் ஒளிரும் புரத பயோசென்சார்.

இது எப்படி வேலை செய்கிறது? ஏன் இன்னும் நம் கைக்கு வரவில்லை? விரிவாகப் பார்க்கலாம்.

கன உலோகம்னா என்ன? ஏன் இவ்வளவு பயம்?

ஈயம், பாதரசம், காட்மியம் போன்ற அடர்த்தி அதிகமுள்ள உலோகங்களைத்தான் கன உலோகங்கள் என்கிறோம். ஆர்சனிக் அறிவியல்படி முழு உலோகம் இல்லை என்றாலும், அதன் நச்சுத்தன்மை காரணமாக இதே பட்டியலில்தான் வைக்கிறார்கள்.

இவை தண்ணீரில் கரையும்போது மின்னேற்றம் பெற்ற அயனிகளாக இருக்கும். வடிகட்டித் துணியிலோ சாதாரண ஃபில்டரிலோ சிக்காது. கிருமி என்றால் கொதிக்க வைத்தால் செத்துவிடும். உலோகம் சாகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும்; ஈயமும் ஆர்சனிக்கும் பாத்திரத்திலேயே தங்கிவிடும். அதாவது அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

உடலுக்குள் போனால் என்ன ஆகும்? இந்த உலோகங்கள் ஆள்மாறாட்டம் செய்பவை. ஈயம், கால்சியம் போல நடித்து எலும்புக்குள்ளும் நரம்பு செல்களுக்குள்ளும் நுழையும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். காட்மியம் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கும். பாதரசம், புரதங்களில் இருக்கும் கந்தகத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கும்.

இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயோசென்சாரின் ரகசியமே அதில்தான் இருக்கிறது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரநிலை, ஐஎஸ் 10500, ஒரு லிட்டர் தண்ணீரில் அனுமதிக்கும் அளவுகள் இவை:

• ஈயம்: 10 மைக்ரோகிராம்
• ஆர்சனிக்: 10 மைக்ரோகிராம்
• காட்மியம்: 3 மைக்ரோகிராம்
• பாதரசம்: 1 மைக்ரோகிராம்

மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு. இதை நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் டேங்க்கில் மொத்தம் 10 மில்லிகிராம் ஈயம் இருந்தாலே வரம்பைத் தொட்டாச்சு. ஒரு அரிசியின் எடையை விடக் குறைவு. பாதரசம் என்றால் அதிலும் பத்தில் ஒரு பங்குதான்.

டேங்க் முழுக்க உள்ள தண்ணீரில் அந்தத் துளியைத் தேடுவதுதான் இங்கே சவால்.

தாமதமானால் என்ன நடக்கும்?

வரலாற்றில் இதற்கு மோசமான உதாரணங்கள் இருக்கின்றன.

ஜப்பானின் மினமாட்டா ஊரில் சிஸ்ஸோ ரசாயனத் தொழிற்சாலை கடலில் விட்ட கழிவில் மெத்தில் பாதரசம் இருந்தது. அது மீன்களில் சேர்ந்து, அந்த மீனைச் சாப்பிட்ட மக்களின் நரம்பு மண்டலத்தைத் தாக்கியது. பூனைகள் வலிப்பு வந்து செத்து விழுந்தன. 1956 மே மாதம் நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவானது. ஆனால், அதற்கு அந்தத் தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்று ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது 1968-ல். நடுவில் 12 ஆண்டுகள். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-ல் ஏற்கப்பட்டு 2017-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தத்துக்கு மினமாட்டா என்றுதான் பெயர்.

வங்கதேசத்தில் கதை வேறு. குளத்துத் தண்ணீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்க, 1970-கள் முதல் ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. கிருமி குறைந்தது. ஆனால் நிலத்தடியில் இயற்கையாகவே ஆர்சனிக் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 1990-களில்தான் உண்மை வெளியே வந்தது. பிறகு லட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பு பெயின்ட்டும், குடிக்கக்கூடியவற்றுக்குப் பச்சை பெயின்ட்டும் அடித்தார்கள்.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீரை ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களில் இருந்த ஈயம் தண்ணீரில் கலந்தது. மக்கள் புகார் சொல்லச் சொல்ல, தண்ணீர் பாதுகாப்பானதுதான் என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியில் இருந்து வந்த ஆய்வாளர்கள் வீடு வீடாகத் தண்ணீர் எடுத்துச் சோதித்த பிறகே விஷயம் வெடித்தது. பழைய தண்ணீருக்குத் திரும்ப 18 மாதங்கள் ஆகின.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை பாதரசப் பிரச்னையால் 2001-ல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் சமரச ஒப்பந்தம் செய்தது 2016-ல்.

எல்லா இடத்திலும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் கையில் சோதித்துப் பார்க்க வழி இல்லை. சோதிக்கும் வசதி வேறு யாரிடமோ இருந்தது.

இப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

இன்றைக்கு இருக்கும் மிக நம்பகமான முறை ஐசிபி-எம்எஸ் என்ற இயந்திரம். தண்ணீரை நுண்ணிய துளிகளாக்கி, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் செலுத்தும். அணுக்கள் அயனிகளாக மாறும். அவற்றை எடைவாரியாகப் பிரித்து எண்ணிவிடும். ஒரு லிட்டரில் நானோகிராம் அளவு உலோகம் இருந்தாலும் பிடித்துவிடும்.

துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை மிக அதிகம். தொடர்ந்து ஆர்கான் வாயு வேண்டும், குளிரூட்டப்பட்ட அறை வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். கிராமத்து போர்வெல் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க முடியாது.

கையில் எடுத்துப்போகும் கிட்களும் உண்டு. ஆர்சனிக்குக்குப் பரவலாகப் பயன்படும் கிட், தண்ணீரில் உள்ள ஆர்சனிக்கை ஆர்சின் என்ற வாயுவாக மாற்றும். அந்த வாயு, பாதரச புரோமைடு தடவிய காகிதத்தில் பட்டு மஞ்சளாக மாறும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து அளவு சொல்ல வேண்டும். கவனித்தீர்களா? ஒரு விஷத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு விஷத்தைப் பயன்படுத்துகிறோம். வரம்புக்குப் பக்கத்தில் இருக்கும் அளவுகளில், ஆளுக்கு ஆள் நிறத்தை வேறு மாதிரி படிப்பதும் நடக்கும்.

சரி, ஜெல்லி மீன் எங்கிருந்து வந்தது?

ஜப்பானில் பிறந்த ஒசாமு ஷிமோமுரா, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் உள்ள ஃபிரைடே ஹார்பரில், ஈக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லி மீன் ஏன் ஒளிர்கிறது என்று ஆராய்ந்தார். 1961 கோடையில் மட்டும் சுமார் 10,000 ஜெல்லி மீன்களைப் பிடித்தார்கள். விளிம்பை வெட்டிப் பிழிந்து பொருளைப் பிரித்தார்கள். 1962-ல் வெளியான ஆய்வில், முக்கியப் பொருளோடு சேர்த்து பச்சையாக ஒளிரும் ஒரு புரதம் பற்றிய குறிப்பும் இருந்தது. அதுதான் பின்னாளில் ஜிஎஃப்பி, அதாவது பச்சை ஒளிர் புரதம் என்று பெயர் பெற்றது.

அடுத்த 30 ஆண்டுகள் அது பெரிதாகப் பேசப்படவில்லை. 1992-ல் டக்ளஸ் பிராஷர் என்ற விஞ்ஞானி அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்தார். ஆராய்ச்சிக்கான நிதி தொடரவில்லை. கையில் இருந்த மரபணுவை, கேட்ட சக விஞ்ஞானிகளுக்கு அனுப்பி வைத்தார்.

அதைப் பெற்ற மார்ட்டின் சால்ஃபி, 1994-ல் அந்த மரபணுவைப் பாக்டீரியாவுக்குள்ளும் ஒரு சின்னப் புழுவுக்குள்ளும் வைத்து ஒளிர வைத்தார். ரோஜர் சியென் அதே புரதத்தைச் சின்னச் சின்னதாக மாற்றி, இன்னும் பிரகாசமாகவும் நீலம், சயான், மஞ்சள் எனப் பல நிறங்களிலும் உருவாக்கினார்.

2008-ல் ஷிமோமுரா, சால்ஃபி, சியென் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நேரத்தில் பிராஷர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? அலபாமா மாநிலத்தில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வாடிக்கையாளர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ஃபியும் சியெனும் அவரை நோபல் விழாவுக்கு அழைத்துச் சென்றார்கள். பின்னர் அவர் சியெனின் ஆய்வகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

இந்தப் புரதம் ஏன் ஒளிர்கிறது?

ஜிஎஃப்பி, 238 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலி. அது தானாகவே மடிந்து ஒரு பீப்பாய் வடிவத்துக்கு வந்துவிடும். பீப்பாய்க்கு 11 பட்டைகள். நடுவில் 65, 66, 67-வது இடங்களில் உள்ள மூன்று அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு ஒளி மையத்தை உருவாக்கும்.

அந்த மையத்தின் மேல் புற ஊதா அல்லது நீல ஒளி பட்டால், ஆற்றலை உள்வாங்கி 509 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சையாகத் திருப்பிக் கொடுக்கும். இதற்குத் தனியாக வேறு ரசாயனம் எதுவும் தேவையில்லை, காற்றில் உள்ள ஆக்சிஜன் இருந்தால் போதும். மரபணுவைக் கொடுத்தால் பாக்டீரியா தானே அதைத் தயாரித்து, தானே ஒளிரும். இதுதான் இந்தப் புரதத்தின் பெரிய பலம்.

பீப்பாய் என்பது ஒளி மையத்துக்கான பாதுகாப்புச் சுவர். அந்தச் சுவரில் சின்ன மாற்றம் செய்தாலும் ஒளி மாறும். விஞ்ஞானிகள் கை வைத்ததும் அந்தச் சுவரில்தான்.

உலோகத்தை எப்படிக் காட்டிக்கொடுக்கும்? 3 வழிகள்

முதல் வழி: ஒளியை அணைப்பது.

பாதரசம் கந்தகத்தைத் தேடிப்போய் ஒட்டும் என்று பார்த்தோம் இல்லையா? சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கிறது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், பச்சைப் புரதத்தின் 205-வது இடத்தில் ஒரு சிஸ்டீனை வைத்தார்கள். அந்த இடம் ஒளி மையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாதரச அயனி வந்து அந்தக் கந்தகத்தில் ஒட்டியதும், பச்சை ஒளி மங்கிவிடும். எந்தக் குணத்தால் பாதரசம் நம் உடலைக் கெடுக்கிறதோ, அதே குணத்தை வைத்து அதற்கே பொறி வைத்திருக்கிறார்கள்.

பவளத்திலிருந்து கிடைத்த சிவப்பு ஒளிர் புரதமும் இப்படித்தான். அதில் தாமிர அயனி ஒட்டினால் சிவப்பு மங்கும். தாமிரத்தைப் பிடித்து வெளியே எடுக்கும் ரசாயனம் ஒன்றைச் சேர்த்தால் ஒளி திரும்பி வரும்.

இரண்டாவது வழி: நிறத்தை மாற்றுவது.

இதில் இரண்டு புரதங்கள். ஒன்று சயான் நிறம், மற்றொன்று மஞ்சள். நடுவில் உலோகத்தைப் பிடிக்கும் ஒரு பகுதி, கீல் மாதிரி. உலோகம் இல்லாதபோது இரண்டும் தள்ளி நிற்கும். ஒளி பாய்ச்சினால் சயான் தெரியும். உலோகம் வந்ததும் கீல் மடங்கும். இரண்டும் நெருங்கும். 10 நானோமீட்டருக்குள் வந்துவிட்டால் சயான் தன் ஆற்றலை மஞ்சளுக்குக் கைமாற்றிவிடும். இப்போது மஞ்சள் ஒளி கூடும், சயான் குறையும். இதற்கு ஃபிரெட் என்று பெயர்.

இந்த உத்தியை 1997-ல் கால்சியத்தை அளக்க அட்சுஷி மியாவாகியும் சியெனும் பயன்படுத்தினார்கள். கன உலோகத்துக்கு அதே பாணியில், தைவான் ஆய்வாளர்கள் 2012-ல் ஈயத்துக்கும் 2013-ல் காட்மியத்துக்கும் சென்சார்களை உருவாக்கினார்கள். நடுவில் கீலாக வைத்தது மெட்டலோதியோனின் என்ற புரதம். இது நம் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இயல்பாகவே இருக்கிறது. 20 சிஸ்டீன்கள் கொண்டது. உலோகம் உள்ளே வந்தால் பிடித்துக் கட்டிப்போடுவதுதான் அதன் வேலை.

இதில் இன்னொரு வசதி: இரண்டு நிறங்களின் விகிதத்தைப் பார்ப்பதால், விளக்கு கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அளவு பெரிதாகத் தப்பாது.

மூன்றாவது வழி: பாக்டீரியாவைக் காவல்காரனாக வைப்பது.

பாதரசம் உள்ள மண்ணிலேயே வாழப் பழகிய பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றிடம் மெர்ஆர் என்ற புரதம், டிஎன்ஏ மேல் சுவிட்ச் போல உட்கார்ந்திருக்கும். பாதரசம் வந்து ஒட்டியதும் சுவிட்ச் ஆன் ஆகும். பாதரசத்தை வெளியேற்றும் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். ஆர்சனிக்குக்கு ஆர்ஸ்ஆர் என்ற புரதம். இது கதவைப் பூட்டி வைத்திருக்கும். ஆர்சனிக் வந்தால் விலகி வழி விடும்.

விஞ்ஞானிகள் செய்தது எளிமையான மாற்றம். அந்த சுவிட்ச்சுக்குப் பின்னால் பச்சைப் புரதத்தின் மரபணுவைச் சேர்த்துவிட்டார்கள். பாதரசம் வந்தால் பாக்டீரியா பச்சையாக மின்னும். அவ்வளவுதான் மேட்டர். ஆனால் பாக்டீரியா புரதத்தைத் தயாரிக்க நேரம் வேண்டும். எனவே விடை கிடைக்கச் சில மணி நேரம் ஆகலாம்.

மெஷின் இருக்கும்போது இது எதுக்கு?

நியாயமான கேள்வி. விலை, வேகம் இரண்டைத் தாண்டி இன்னொரு காரணம் இருக்கிறது.

லேப் மெஷின், தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று சொல்லும். ஆனால் மண் துகளோடு இறுக்கமாக ஒட்டிக்கொண்ட ஈயமும், தண்ணீரில் சுதந்திரமாகக் கரைந்திருக்கும் ஈயமும் உயிருக்கு ஒரே அளவு ஆபத்து இல்லை. பாக்டீரியா சென்சார், ஓர் உயிருக்குள் நுழையக்கூடிய பங்கை மட்டும் காட்டும். எந்த இடத்தை முதலில் சுத்தம் செய்வது என்று முடிவெடுக்க இந்தத் தகவல் உதவும்.

இன்னொன்று, உயிருள்ள செல்லுக்குள்ளேயே பார்க்க முடிவது. ஈயம் ஒரு செல்லுக்குள் எப்போது நுழைகிறது, எங்கே சேர்கிறது, எப்போது வெளியேறுகிறது என்பதை மைக்ரோஸ்கோப்பில் நேரடியாகப் பார்க்கலாம். பிளாஸ்மாவில் எரித்து எண்ணும் மெஷினால் இது முடியாது. உண்மையில் இந்த சென்சார்கள் இன்றைக்கு அதிகம் உதவுவதும் இந்த வகை ஆராய்ச்சிக்குத்தான்.

அப்போ ஏன் இன்னும் கடைக்கு வரல?

ஆய்வகத்தில் சுத்தமான தண்ணீரில் வேலை செய்யும் சென்சார், ஏரித் தண்ணீரில் அப்படியே வேலை செய்வதில்லை. முக்கியமான தடைகள் இவை.

ஒன்று, உணர்திறன். சென்சார் 1 மைக்ரோமோலார் ஈயத்தைக் காட்டுகிறது என்றால் கேட்க நன்றாக இருக்கும். கணக்குப் போட்டால் அது லிட்டருக்கு 207 மைக்ரோகிராம். அனுமதி அளவைப் போல 20 மடங்குக்கும் மேல். அப்படிப்பட்ட சென்சார் ஒளி மாறவில்லை என்பதற்காகத் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. வரம்பைப் பிடிக்க வேண்டும் என்றால் சுமார் 50 நானோமோலார் வரை இறங்கி வர வேண்டும்.

இரண்டு, ஆள் அடையாளம். குடிநீரில் துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. ஈயத்துக்கான வரம்பைவிட இது 500 மடங்கு. துத்தநாகமும் கந்தகத்தோடு ஒட்டும் குணம் கொண்டதுதான். கூட்டத்தில் இவ்வளவு துத்தநாகத்தையும் விட்டுவிட்டு ஈயத்தை மட்டும் பிடிக்க வேண்டும். மெட்டலோதியோனின் பல உலோகங்களையும் பிடிக்கும் என்பதால், அதை மாற்றி அமைப்பதே பெரிய வேலை.

மூன்று, அமிலத்தன்மை. பச்சைப் புரதத்தின் ஒளி, அமிலத்தில் தானாகவே மங்கும். ஒளி குறைந்தால் அது பாதரசத்தாலா, அமிலத்தாலா என்று குழப்பம் வரும். தொழிற்சாலைக் கழிவு நீர் பல நேரம் அமிலமாக இருக்கும். அதுமட்டுமல்ல, உலோகப் பரிசோதனைக்கு எடுக்கும் தண்ணீரில் நைட்ரிக் அமிலம் சேர்த்து வைப்பதுதான் வழக்கமான நடைமுறை. அந்த பாட்டிலில் புரத சென்சாரைப் போட்டால் சென்சாரே காலி.

நான்கு, தண்ணீரின் சொந்த ஒளி. பாசியில் உள்ள பச்சையம் சிவப்பாக ஒளிரும். மக்கிய இலை தழைகளின் பொருட்கள் நீலமாக ஒளிரும். கலங்கல் ஒளியைச் சிதறடிக்கும். இவற்றுக்கு நடுவே சென்சாரின் ஒளியைப் பிரித்துப் படிக்க வேண்டும்.

ஐந்து, ஆயுள். புரதம் வெயிலில் கெடும். உயிருள்ள பாக்டீரியாவை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதிக பாதரசம் இருந்தால் காவல்கார பாக்டீரியாவே செத்துப்போகும். அப்போதும் ஒளி வராது. அதை "பாதரசம் இல்லை" என்று தப்பாகப் படித்துவிடும் அபாயம் இருக்கிறது.

ஆறு, அனுமதி. மரபணு மாற்றிய பாக்டீரியாவை ஏரிக்குள் விட முடியாது. இந்தியாவில் 1989-ம் ஆண்டு விதிகளின் கீழ், இப்படிப்பட்ட உயிரினங்களைச் சுற்றுச்சூழலில் விட மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதனால் மூடிய குப்பிக்குள் வைத்துச் சோதிக்கும் வடிவங்களையே பெரும்பாலும் முயல்கிறார்கள்.

மாசைக் கண்டுபிடிக்கப் பிறந்து, வீட்டுத் தொட்டிக்குப் போன மீன்

இந்தக் கவலை வெறும் கற்பனை இல்லை. 1999-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கோங் ஜியுவானின் குழு, ஜீப்ரா மீனுக்குள் ஒளிர் புரத மரபணுவை வைத்தது. மாசு கலந்த தண்ணீரில் மட்டும் ஒளிரும் மீனை உருவாக்குவதுதான் இலக்கு. முதல் கட்டமாக எப்போதும் ஒளிரும் மீன் கிடைத்தது. அதைப் பார்த்த அமெரிக்க நிறுவனம் ஒன்று உரிமம் வாங்கி, 2003 இறுதியில் குளோஃபிஷ் என்ற பெயரில் அலங்கார மீனாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

பின்னாளில் பிரேசிலில், மீன் பண்ணைகளில் இருந்து தப்பிய இந்த மீன்கள் ஓடைகளில் வாழ்ந்து இனப்பெருக்கம் செய்வதாக 2022-ல் வெளியான ஆய்வு சொன்னது. ஆய்வகத்திலிருந்து வெளியே போன உயிரைத் திரும்பக் கூப்பிட முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

உயிரே இல்லாமல் உயிர் சென்சார்

பாக்டீரியாதான் பிரச்னை என்றால், பாக்டீரியாவை விட்டுவிட்டு அதன் சுவிட்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டால்? இதைத்தான் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் லக்ஸ் குழு செய்தது. 2020-ல் வெளியான அந்த முறைக்கு ரோசலிண்ட் என்று பெயர்.

உலோகத்தை உணரும் சுவிட்ச் புரதம், ஒரு துண்டு டிஎன்ஏ, அதைப் படிக்கும் நொதி ஆகியவற்றை உறைய வைத்து உலர்த்தி, சிறு குழாயில் பொடியாக வைத்துவிடுவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் போதும். மாசு இருந்தால் பச்சையாக ஒளிரும். இங்கே ஒளிர்வது ஜிஎஃப்பி இல்லை, ஆர்என்ஏ. ஆனால் யோசனை அதே பச்சைப் புரதக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். உயிர் இல்லாததால் தப்பிப் போகாது, சாகவும் சாகாது. 2022-ல் இதன் அடுத்த வடிவம் வந்தது. வரிசையாக 8 குழாய்கள். எத்தனை குழாய் ஒளிர்கிறதோ, அவ்வளவு மாசு. வண்டியின் பெட்ரோல் மீட்டர் மாதிரி யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இந்தப் பாதையில்தான் இப்போது நம்பிக்கை அதிகம் இருக்கிறது. ஒரு சென்சார் "இங்கே சந்தேகம் இருக்கிறது" என்று சொன்னால் போதும். அந்தத் தண்ணீரை மட்டும் பெரிய லேபுக்கு அனுப்பி உறுதி செய்யலாம். ஆயிரம் கிணறு இருக்கும் இடத்தில் எதை முதலில் சோதிப்பது என்ற கேள்விக்கு அன்றைக்கே விடை கிடைத்துவிடும்.

அதுவரை நாம என்ன செய்யலாம்?

• சந்தேகம் இருந்தால் பரிசோதனைதான் ஒரே வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் தண்ணீர் பரிசோதனை ஆய்வகங்கள் இருக்கின்றன. தனியார் லேப் என்றால் என்ஏபிஎல் அங்கீகாரம் உள்ளதா என்று பாருங்கள்.

• கடையில் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைத்தான் காட்டும். ஈயம் வரம்பைத் தாண்டி இருந்தாலும் மீட்டரில் வித்தியாசமே தெரியாது.

• லேபில் கேட்கும்போது "தண்ணி டெஸ்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சாதாரணப் பரிசோதனையில் இவை இடம்பெறாமல் போகலாம்.

• கொதிக்க வைப்பது கிருமிக்கு மட்டுமே தீர்வு. ஆர்ஓ கருவி பெரும்பாலான கன உலோகங்களைக் குறைக்கும். ஆனால் அதன் சவ்வைச் சரியான நேரத்தில் மாற்ற வேண்டும்.

• பழைய ஈயக் குழாயோ, ஈயம் கலந்த பற்றவைப்போ இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், இரவு முழுக்கக் குழாயில் தேங்கி நின்ற தண்ணீரைக் காலையில் முதலில் திறந்து விட்டுவிட்டு, பிறகு குடிக்கப் பிடியுங்கள். அந்த முதல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல், தரை கழுவவோ கழிப்பறைக்கோ பயன்படுத்தலாம்.

மினமாட்டாவில் விடை கிடைக்க 12 ஆண்டுகள், ஃபிளின்ட்டில் 18 மாதங்கள் ஆகின. ஒரு சிறு குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது பச்சையாகிறதா என்று அந்த ஊர்க்காரரே பார்க்கும் நிலை வந்தால், அந்தக் காத்திருப்பு மணிக்கணக்கில் வந்து நிற்கும்.